துணைமூச்சு

"உங்க மூச்சுக்கு நான் ஜாமீன் நிக்க மாட்டேனுங்க" என்றாள் சாந்தாமணி. கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். "இத்தனை வருசம் பக்கத்துல படுத்து மோந்ததே போதும். அந்த மூச்சு யோக்கியமானதுன்னு ஊருக்கெல்லாம் வேற நான் சொல்லோணுமா?"

அவள் கணவன் திருமூர்த்தி வாசலைப் பார்த்தான். அங்கே அவனுடைய தென்னைநார் ஆலையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையில் அவனுடைய கார் துணி போர்த்தி நின்றது. கோர்ட்டு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வண்டியை எடுக்கத்தான் வழியில்லை.

ஊதாமல் எந்த வண்டியும் நகராத காலம் அது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குழல் இருக்கும். மூச்சுப்பூட்டு என்று அதற்குப் பெயர். அதில் ஊதி, மூச்சில் மது இல்லை என்று பூட்டு ஒப்புக்கொண்டால்தான் வண்டி உயிர் பெறும். அது போதாதென்று ஆளாளுக்குச் சட்டைப்பையில் பேனா போல ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். அதை ஊதி என்றே கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வந்து வெற்றிலை எடுக்கும் முன்பே ஊதியை எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பூட்டு ஆளையும் அறியும். கைரேகை போலவே மூச்சுக்கும் ரேகை உண்டு, ஒருவர் மூச்சு மற்றவருக்கு வராது என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

சட்டம் இத்தனை கெட்டியாக இருக்கும்போது திருமூர்த்தி எப்படிக் குடித்துவிட்டு ஓட்டினான்? சுலபமாகத்தான். ஒடையகுளத்தில் ஒரு கெடா விருந்து. தெளிந்த மூச்சோடு ஊதி வண்டியை உயிர்ப்பித்தான். குளிர்காற்று வேண்டும் என்று சொல்லி அதை அணைக்காமலே, உள்ளே உட்கார்ந்து குடித்தான். அப்படியே கிளம்பினான். கோட்டூர் சாலைத் திருப்பத்தில் எதிரே வந்த ஸ்கூட்டரின் மேல் மோதினான்.

ஸ்கூட்டரில் வந்தவர் அரசுக் கால்நடை மருத்துவர் மெஹருன்னிசா. மெஹர் டாக்டர் என்றால் ஆனைமலைப் பக்கத்தில் எல்லா மாட்டுக்கும் தெரியும். உயிருக்கு ஆபத்தில்லை. கணுக்கால் நொறுங்கி, உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள்.

அன்றோடு திருமூர்த்தி குடியை விட்டான். சட்டத்துக்குப் பயந்து அல்ல. மோதிய நொடியில் கேட்ட சத்தம் பெரிய சத்தம்கூட இல்லை, காய்ந்த தென்னை மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். டம்ளரைக் கையில் எடுப்பதாக நினைத்தாலே அது கேட்டது.

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கோர்ட்டும் நம்பவில்லை. அதனால்தான் அந்த நிபந்தனை. ஓராண்டுக்கு அவன் வண்டி இரண்டு மூச்சுக்குத்தான் அசையும். ஒன்று அவனுடையது, மற்றது துணையுடையது. துணையாகப் பதிந்துகொண்டவர் வண்டியில் கூடவே இருக்க வேண்டும். பூட்டு கேட்கும்போதெல்லாம் இருவரும் ஊத வேண்டும். இருவரில் யார் மூச்சில் மது இருந்தாலும் குற்றம் இருவருக்கும் விழும், இருவர் உரிமமும் போகும்.

மச்சான் முதுகுவலி என்றான். ஆலை மேற்பார்வைக்காரர் அம்மாவுக்குச் சரியில்லை என்றார். குடிக்கும்போது தோளில் கை போட்டுப் பாடியவர்கள் போனையே எடுக்கவில்லை. கடைசியாகத்தான் மனைவியிடம் கேட்டான். அவள் கீரையை உருவி முடித்து, காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

வைகாசி மாதத்தில் ஒரு நாள் ஆலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஊன்றுகோலை முதலில் வெளியே நீட்டி, பிறகு கட்டுப் போட்ட காலை நீட்டி, மெஹர் டாக்டர் இறங்கினார். ஐம்பதைத் தொட்ட வயது. தலையில் முக்காடு, தோளில் மருந்துப் பை. நார்த்தூசிக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தார்.

திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றான். "மன்னிச்சுக்கோணும் டாக்டரம்மா" என்று ஆரம்பித்தான்.

"அதை ஆஸ்பத்திரியிலயே நாலு தடவை சொல்லிட்டீங்க. இப்ப வேற வேலையா வந்திருக்கேன்." டாக்டர் உட்கார்ந்து காலை ஒரு நார்க்கட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். "எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட இன்னும் எத்தனை மாசம் ஆகுமோ தெரியாது. எங்க இலாகாவுல வண்டி தரமாட்டாங்க. மாத்து டாக்டர் வர்றாரு, வர்றாருன்னு சொல்றாங்க, ஆளைக் காணோம். போன வாரம் சேத்துமடையில ஒரு மாடு கன்னு குறுக்கால நின்னு செத்துப் போச்சு. நான் வீட்ல காலை நீட்டிட்டுப் படுத்திருக்கேன்."

"நான் என்ன பண்ணோணுங்க?"

"உங்ககிட்ட வண்டி இருக்குது, துணை இல்லை. எனக்கு மூச்சு இருக்குது, கால் இல்லை. நான் துணை நிக்கறேன். காலையில நான் சொல்ற தோட்டத்துக்கெல்லாம் நீங்க ஓட்டணும்."

திருமூர்த்தி ஓரடி பின்வாங்கினான். "நான் மறுக்கா குடிச்சா உங்க உரிமமும் போயிருமுங்க."

"போகும்."

"அப்புறம் எப்படீங்க என்னை நம்பறீங்க?"

"யாரு நம்பினது?" என்றார் டாக்டர். "மிஷின் இருக்குதில்ல, அது பார்த்துக்கும். என் காலை உடைச்சது நீங்க. அது சரியாகற வரைக்கும் நீங்கதான் எனக்குக் கால். சம்மதமா, இல்லையா?"

*

அப்படித்தான் அந்த ஓட்டம் தொடங்கியது.

காலையில் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவான். அவன் ஊதுவான், குழலின் முனையை மாற்றிவிட்டு அவர் ஊதுவார். "ஓட்டுநர் மூச்சு சரி. துணை மூச்சு சரி. பயணம் நலமாகுக" என்று பூட்டு ஒரு பெண் குரலில் சொல்லும். "ஆகட்டும் தாயி" என்று டாக்டர் அதற்குப் பதில் சொல்வார். பிறகு வேட்டைக்காரன்புதூர், அங்கலக்குறிச்சி, சேத்துமடை என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே போவார்கள். மலை ஒரு பக்கம் கூடவே வரும்.

முதலில் அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அப்புறம் மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊன்றுகோலோடு குனிய முடியாததால் ஒரு நாள், "சட்டையைக் கழட்டுங்க, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. நான் சொல்லச் சொல்ல உள்ளே விட்டுப் பாருங்க" என்றார். தோள்பட்டை வரைக்கும் மாட்டுக்குள் கையை விட்டு, குறுக்கே கிடந்த கன்றின் காலைத் தேடிப் பிடித்தபோது திருமூர்த்தி கத்தியே விட்டான். "உறிஞ்சுதுங்க டாக்டரம்மா! என் விரலை உறிஞ்சுதுங்க!"

"பின்னே? பசியா இருக்கும். காலை விடாதீங்க, மெதுவா இழுங்க."

ஊரில் நாயம், வம்புப்பேச்சு, கிளம்பாமல் இருக்குமா? கிளம்பியது. இடித்தவனும் இடிபட்டவளும் ஒரே வண்டியில் போகிறார்களாம், ஒரே குழலில் ஊதுகிறார்களாம். அது சாந்தாமணியின் காதுக்கும் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை, அவன் கிளம்பும்போது அவளும் சேலை மாற்றிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டர் மட்டும், "வாங்க, வாங்க. மாடு பிடிப்பீங்களா?" என்றார்.

அன்று மூன்று தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் மடிவீக்கம் வந்த பசு உதைத்ததில் திருமூர்த்தி சாணியில் மல்லாந்து விழுந்தான். எழுந்து, அதே பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா, ஆயிருச்சு ஆயிருச்சு" என்று அதன் காதில் பேசிக்கொண்டிருந்தான். ஊசி ஏறும்வரை பேச்சை நிறுத்தவில்லை. சாந்தாமணி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.  வீடு வந்ததும், "அந்தச் சட்டையக் குடுங்க, ஊற வெக்கோணும்" என்றாள். அவ்வளவுதான்.

திருமூர்த்திக்கு அது போதுமாக இருந்தது. அந்த மாதங்களில் அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பசித்தது. காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருந்தது.

*

புரட்டாசியில் டாக்டர் கட்டை அவிழ்த்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் ஆள் இளைத்துப் போனார். வண்டியில் தண்ணீர் பாட்டில் ஒன்று போதவில்லை, வழியில் நிறுத்தி நிறுத்தி வாங்கினார்கள். "வெயில்" என்றார். சில சமயம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் அசந்தார். "ரெண்டு நாளா தூக்கமில்லை" என்றார். திருமூர்த்தி அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டருக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டான்.

சேத்துமடைக்கு மேலே, மலையடிவாரத்தில் மாரக்காளின் தோட்டம். அங்கே ஒரு மாட்டுக்கு வயிறு உப்பிக்கிடந்தது. குழாய் செருகிக் காற்றை இறக்கி, மாடு மறுபடி அசைபோட ஆரம்பித்ததும் டாக்டர் அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். மாரக்காள் மோர் கொண்டு வந்தாள். அதுவும் தங்கவில்லை. "வீட்டுக்குப் போலாம்" என்றார். நாக்கு தடித்தது போல வார்த்தை குழறியது.

கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காரில் உட்கார வைத்தார்கள். மதிய வெயில் கூரையில் அடித்தது. திருமூர்த்தி ஊதினான். டாக்டர் குழலைக் கையில் வாங்கி இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை ஊதினார்.

"ஓட்டுநர் மூச்சு சரி" என்றது பூட்டு. பிறகு அதே இனிமையான குரலில், "துணை மூச்சில் மது. வண்டி இயங்காது. விவரம் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது" என்றது.

மாரக்காள் வாயில் கையை வைத்தாள். "அடக் கருமமே! டாக்டரம்மா போட்டிருக்காங்களா?"

திருமூர்த்தி டாக்டரைப் பார்த்தான். சொருகும் கண், குழறும் பேச்சு, வாந்தி, ஓயாத தாகம், காலையில் அசதி. இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாததா? அவன் மூச்சை அந்தப் பூட்டு ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. தனியாக இருக்கிற மனுஷி. கால் வலி. எப்போது ஆரம்பித்திருப்பார்? அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தன்னைத் தூக்கி நிறுத்திய கையே வழுக்குகிறதே என்ற கோபம்.

"எப்ப ஊத்துனீங்க டாக்டரம்மா?" என்றான்.

"நான்... குடிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, இதே குழறலோடு, அவன் எத்தனை தடவை சாந்தாமணியிடம் சொல்லியிருப்பான்! சொன்ன ஒவ்வொரு தடவையும் பொய். அதனாலேயே அவனால் அதை நம்ப முடியவில்லை. அவன் குனிந்து, டாக்டரின் முகத்துக்கு அருகே போய் மோந்தான்.

சாராயம் எத்தனை விதமாக மணக்கும் என்று அவனுக்குத் தெரியும். குடித்தவுடன் ஒரு வாடை, விடிந்தபின் ஒரு வாடை, ஏலக்காயை மென்று மறைத்தால் ஒரு வாடை, வெறும் வயிற்றில் குடித்தால் இன்னொன்று. உலகத்தில் அவன் தப்பே விடாத பாடம் அது ஒன்றுதான். இது அந்த வாடை இல்லை. அழுகத் தொடங்கிய பழத்தின் வாசம். கூடவே, பெண்கள் நகப்பூச்சை அழிக்க வைத்திருக்கும் மருந்தின் நெடி. அதோடு அவர் மூச்சு, ஓடிவந்து நின்றவரைப் போல ஆழமாக, நிற்காமல் வாங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துதானே இருக்கிறார்?

"இது குடி இல்லை" என்றான் உரக்க.

"மிஷின் சொல்லுதே?" என்றாள் மாரக்காள்.

"மிஷின் சொல்லட்டும். எனக்குத் தெரியாதா? இது குடி இல்லை. இவிய உசுருக்கு என்னமோ ஆகுது."

ஆம்புலன்சைக் கூப்பிட்டான். இருந்த ஒன்று மலைமேல் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மாரக்காள் வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதில் டாக்டரால் உட்கார முடியாது. மாரக்காளையே ஊதச் சொன்னான். "இந்த மூச்சு துணையாகப் பதிவில் இல்லை" என்றது பூட்டு. ஸ்டீயரிங்கைக் கையால் குத்தினான். டாக்டரின் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது.

ஆலையில் ஒரு லாரி நிற்கும். அதையாவது அனுப்பச் சொல்லலாம் என்று சாந்தாமணிக்குப் போன் போட்டான். நடந்ததை நாலே வாக்கியத்தில் சொல்லி லாரியைக் கேட்டான்.



"மிஷின் மதுன்னு சொல்லுதுங்களா?"

"சொல்லுது. ஆனா அது மது இல்லை சாந்தா. நான் மோந்து பார்த்தேன்."

"நீங்க?"

"நான் குடிக்கலை."

மறுமுனையில் மௌனம். அந்த மௌனத்துக்குள் இருபது வருசம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். வற்புறுத்த அவனுக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவான்? எல்லாச் சத்தியமும் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

"லாரியக் கேக்காதீங்க, அது கறி... கயிறு ஏத்திட்டுப் போயிருக்குது" என்றாள். அவளுக்கும் பதற்றத்தில் வாய் குழறியது. "போனை வெய்யுங்க. வண்டிய உட்டு எறங்காதீங்க. பெல்ட்டைப் போடுங்க."

அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே பூட்டு பேசியது. "தொலைவிலிருந்து துணை மூச்சு கிடைத்தது. துணை மூச்சு சரி. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் வண்டி இயங்கும். பயணம் நலமாகுக."

எப்படி என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. டாக்டரைப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள், மாரக்காளும் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பொள்ளாச்சி வரைக்கும் அவன் ஒரு இடத்தில்கூடத் தாறுமாறாக ஓட்டவில்லை.  தன் வாழ்நாளில் அத்தனை நன்றாக அவன் வண்டி ஓட்டியதே இல்லை.

*

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்கு முன்பே போலீஸ் வந்து நின்றது. பூட்டு விவரத்தோடு வண்டி போகும் வழியையும் அனுப்பியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஸ்ட்ரெச்சரைப் பார்க்கவில்லை, கையில் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்தம் எடுத்துட்டு அனுப்பிடுங்க மேடம், தெளிஞ்சதும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

பணியில் இருந்த பெண் மருத்துவர் டாக்டரின் விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தார். முகம் மாறியது. உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்து, போலீஸ்காரரையும் திருமூர்த்தியையும் ஒன்றாக நிறுத்திப் பேசினார்.

"ரத்தத்துல குடிச்ச மதுவே இல்லை. சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குது. இதுவரைக்கும் இருந்ததே அவங்களுக்குத் தெரியாது போல. சர்க்கரையை உடம்பால எடுத்துக்க முடியலைன்னா கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்ப அசிட்டோன்னு ஒண்ணு உண்டாகும். மூச்சுல பழ வாசம் வர்றது அதனாலதான். அதுல கொஞ்சம் உடம்புக்குள்ளயே ஆல்கஹால் ஜாதியா மாறிடும், குடிக்கற ஆல்கஹால் இல்லை, அதோட பங்காளி. உங்க மிஷின் குடும்பப் பேரை மட்டும் பார்த்திருக்கு."

"நல்ல மிஷினுங்க மேடம். விபத்தெல்லாம் பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"குறைஞ்சிருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. ராத்திரி டூட்டியில நான் தைக்கற தலை குறைஞ்சிருக்கு. ஆனா போன வருசம் ஒரு பையனை உங்க ஸ்டேஷன் பெஞ்சுல, போதை தெளியட்டும்னு படுக்க வெச்சிருந்தாங்க. அவனுக்கும் இதேதான். தெளியவே இல்லை." மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. "மிஷின் சொல்லிட்டா எல்லாரும் மூஞ்சியைப் பார்க்கறதை நிறுத்திடறாங்க சார். இவரு பார்த்திருக்காரு. இன்னும் ஒரு மணி நேரம் அந்தம்மா அங்கேயே இருந்திருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்."

சப்-இன்ஸ்பெக்டர் திரையை அணைத்துப் பையில் வைத்தார். முதல் தடவையாகத் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

திருமூர்த்தி தலை குனிந்துகொண்டான். "அனுபவமுங்க" என்றான்.

*

நான்காம் நாள் டாக்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். கையில் இன்னும் ஊசி இருந்தது. திருமூர்த்தி பஸ்சில் வந்திருந்தான்.

"வெட்கமா இருக்குதுங்க" என்றார். "மாட்டுக்கும் இது வரும். கன்னு போட்ட மாட்டோட வாயைத் திறந்தா அதே பழ வாசம் அடிக்கும். தினமும் மோந்து பார்க்கறவ நான். என் மூச்சு மட்டும் எனக்குத் தெரியலை பாருங்க."

"நானும் மொதல்ல நீங்க குடிச்சிருக்கீங்கன்னுதான் நெனச்சேனுங்க" என்றான் திருமூர்த்தி. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும். 'எப்ப ஊத்துனீங்க'ன்னு கேட்டீங்களே. காதுல விழுந்துச்சு." அவர் சிரித்தார். "நான் உங்களை நம்பலைன்னு சொன்னேனில்ல? மிஷினை நம்பினேன். கடைசியில அதுதான் என்னைக் குடிகாரின்னு சொல்லிச்சு. விசாரணைக்கு நாளைக்கு ஒரு அதிகாரி இங்கேயே வர்றாராம். குத்தம் நீக்கிடுவாங்களாம். நீங்களும் வந்து, மோந்து பார்த்ததைச் சொல்லணுமாம். துணை மூச்சுல மதுன்னு வந்தா முதல்ல ஆளை டாக்டர்கிட்டக் காட்டணும்னு சட்டத்துல சேர்க்கறதா பேசிக்கறாங்க. ஒரு மாட்டு டாக்டரால மனுசங்களுக்கு நல்லது நடந்தா சரிதான்."

கொஞ்ச நேரம் இட்லியில் கவனமாக இருந்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோல் நிமிர்ந்தார்.

"ஆமா, மாரக்காள் ஊதினப்ப பதிவில் இல்லைன்னு சொல்லிச்சாமே? அவ வந்து சொன்னா."

"ஆமாங்க."

"அப்புறம் உங்க வீட்டம்மா ஊதினதும் எப்படித் திறந்துச்சு?"

"அவளோட ஊதியில ஊதியிருப்பா. அவசரத்துக்கு அப்படி ஒரு வழி வெச்சிருப்பாங்க போல."

"வழி இருக்குது. ஆனா பதிஞ்ச துணைக்குத்தான். எனக்குப் பதியறதுக்கே ஒரு வாரம் இழுத்தடிச்சாங்க. ஆபீசுக்கு நேர்ல போகணும், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு ஊதணும். நின்ன நிலையில போன்ல எல்லாம் பதிய முடியாதுங்க திருமூர்த்தி."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் இட்லியில் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

*

அவன் வீட்டுக்கு வந்தபோது சாந்தாமணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகள்தான். சாணிக் கறை போகாமல் வெளிறிக் கிடந்தன. அவன் ஒரு வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தான்.

"எப்பப் போய்ப் பதிஞ்சே?" என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். "ஆடியிலீங்க. உங்க கூட வந்துட்டுப் போனேனில்ல, அதுக்கு மறுநாள்லயிருந்து. அந்த ஆபீசுக்காரங்க காலையிலயும் சாயங்காலமும் வரச் சொல்லி உசுர வாங்கிப்போட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அந்தம்மாவை உட்டுப்போட்டு, என்னையக் கூட்டிக்கிட்டுக் கல்யாணம் காச்சின்னு பழையபடி சுத்தக் கெளம்பியிருப்பீங்க." கடைசிச் சட்டையை எடுத்து, கழுத்துப்பட்டையைத் தடவிச் சரிசெய்தாள். "அந்தக் கட்டுத்தரையில, மாட்டோட கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்ன ஆளு... எனக்கு அவரைப் புடிச்சிருந்துதுங்க. கொஞ்ச நாளு இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

திருமூர்த்தி கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.   

"டாக்டரம்மா தேற மாசம் ஆகுமில்ல?" என்றாள் அவள், வாளியை இடுப்பில் எடுத்துக்கொண்டு. "மாத்து டாக்டர் அடுத்த வாரம் வந்து சேர்றாராம். பச்சைப் புள்ளை, பட்டணத்து ஆளாம், இந்தப் பக்கத்துல ஒரு தோட்டமும் தெரியாதாம், நாமதான் கூட்டிட்டுப் போகோணும். காலையில என்னேரத்துக்குக் கெளம்போணும்னு சொல்லுங்க. நான் முன்னாடி சீட்டுலதான் உக்காருவேன்."